புள்ளி மறைந்த இடத்தைத் தேடுவோம்!

2021ஆம் ஆண்டு டிசம்பர் 18, சனிக்கிழமை. ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் வெள்ளம். மாடியில் அப்பா, அம்மா, தம்பி, நான். கையில் நான்கு கைத்தொலைபேசிகள் இருந்தன, மின்சாரம் இல்லை. நள்ளிரவுக்குள் மூன்று அணைந்துவிட்டன. நான்காவதை அப்பா அடைத்து வைத்து, மணிக்கு ஒருமுறை மட்டும் திறந்து பார்த்தார். விடிவதற்குள் அதுவும் அணைந்தது. ஞாயிறு பிற்பகலில் முகம் தெரியாத இளைஞர்கள் சிலர் படகில் வந்து எங்களை ஏற்றிச் சென்றனர். அன்றிரவு தெலுக் இந்தானில் உள்ள பாட்டி வீட்டில் தஞ்சம் புகுந்தோம்.

பின்னர், பல்கலைக்கழகத்தில் தரவு அறிவியல் வகுப்பில் விரிவுரையாளர் ஹெய்ட்டி நாட்டின் வரைபடம் ஒன்றைத் திரையில் காட்டினார். பேரிடருக்குப் பின் மக்கள் எங்கே சென்றார்கள் என்பதைக் கைத்தொலைபேசிப் பதிவுகளைக் கொண்டு வரைந்த படம் அது. சக மாணவர்கள் வியந்து பார்த்தனர். எனக்கோ அந்த இருண்ட மாடி நினைவுக்கு வந்தது. அந்த இரவு எங்களைப் பற்றி இப்படி ஒரு படம் வரைந்திருந்தால், நாங்கள் அதில் தெரிந்திருப்போமா?

இந்தப் படங்கள் எப்படி உருவாகின்றன? நாம் அழைக்கும்போதும் குறுஞ்செய்தி அனுப்பும்போதும், எந்தக் கோபுரத்தின் வழியாக அந்தத் தொடர்பு சென்றது என்பது தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கணினியில் பதிவாகிறது. கட்டணம் கணக்கிட ஏற்பட்ட பதிவு அது. என்ன பேசினோம் என்பது அதில் இராது. எப்போது, எங்கிருந்து என்பது இருக்கும். எண்களை மறைத்துவிட்டு, ஒவ்வொரு சிம் அட்டையும் நேற்று எந்தக் கோபுரத்தின் அருகில் இருந்தது, இன்று எங்கே இருக்கிறது என்று ஒப்பிட்டால் மக்களின் நகர்வு தெரிந்துவிடும். அட்டவணையில் தலைசுற்ற வைக்கும் இலட்சக்கணக்கான வரிகள், வரைபடத்தில் தடித்த அம்பாகவும் மெலிந்த அம்பாகவும் மாறும்போது பாமரருக்கும் புரிகின்றன. உணவும் மருந்தும் எங்கே அனுப்புவது என்று தவிக்கும் அதிகாரிக்கு இதைவிடப் பெரிய உதவி வேறென்ன?

2010 ஜனவரி 12-இல் ஹெய்ட்டியின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸை நிலநடுக்கம் சிதைத்தது. சுவீடனின் கரோலின்ஸ்கா கழகத்தைச் சேர்ந்த லீனஸ் பெங்சன் குழுவினர், டிஜிசெல் நிறுவனத்தின் 19 இலட்சம் சிம் அட்டைகளின் நகர்வை ஆராய்ந்தனர். நிலநடுக்க நாளில் தலைநகரில் இருந்தவர்களில் ஏறத்தாழ 6 இலட்சத்து 30 ஆயிரம் பேர் 19 நாள்களுக்குள் வெளியேறிவிட்டனர் என்பது அவர்களின் கணிப்பு. எந்தெந்த மாநிலத்திற்குச் சென்றனர் என்ற அவர்களின் கணக்கு, பின்னர் ஐக்கிய நாட்டு அமைப்பு வீடு வீடாகச் சென்று எடுத்த ஆய்வோடு பெரிதும் ஒத்துப்போனது.

என்னை அதிகம் கவர்ந்தது 2012-இல் வெளிவந்த அடுத்த ஆய்வுதான். வெளியேறிய மக்கள் கண்மூடித்தனமாகச் சிதறி ஓடவில்லை. முந்தைய கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறையை எங்கே கழித்தார்களோ, பெரும்பாலும் அங்கேயே சென்றிருந்தனர். அதாவது, உறவுகள் இருக்கும் இடத்திற்கு! இதைப் படித்தபோது சிலிர்த்துப் போனேன். நாங்களும் அப்படித்தானே செய்தோம்? தீபாவளிக்குப் போகும் அதே பாட்டி வீட்டுக்குத்தானே வெள்ளத்திலும் போனோம்? பேரிடரைத் தாங்கி மீளும் ஆற்றல் என்று அறிஞர்கள் சொல்வதில், நமக்காகத் திறக்கும் ஒரு கதவுக்கும் பங்குண்டு என்பதைக் கைத்தொலைபேசிப் பதிவுகளே மெய்ப்பித்துவிட்டன.

அப்படியானால் கதவு இல்லாதவர்கள்? எங்கள் எதிர்வீட்டில் ஒரு பெரியம்மா தனியாக வாழ்ந்தார். கைத்தொலைபேசி கிடையாது, அருகில் பிள்ளைகளும் கிடையாது. அதே படகில்தான் அவரும் வந்தார். நாங்கள் பாட்டி வீட்டுக்குச் சென்றோம். அவர் நிவாரண மையத்திற்குச் சென்றார். எங்களுடைய பயணம் ஒரு மெல்லிய அம்பாகவாவது வரைபடத்தில் விழுந்திருக்கும். பெரியம்மாவோ வெள்ளத்திற்கு முன்பும் அதில் இல்லை, பின்பும் இல்லை. முதியோர், சிறுவர், ஒரே கைத்தொலைபேசியைப் பகிர்ந்துகொள்ளும் வறிய குடும்பத்தினர் ஆகியோரை இந்தப் பதிவுகள் சரியாக எண்ணுவதில்லை. உதவி அதிகம் தேவைப்படுவோரும் இவர்களே!

இன்னொரு குறையும் உண்டு. மின்சாரம் நின்றால் கைத்தொலைபேசி அணைகிறது, கோபுரமும் செயலிழக்கலாம். அப்போது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட இடம் வரைபடத்தில் அமைதியாகத் தெரியும். அந்த அமைதியைப் பாதுகாப்பு என்று எண்ணினால் உயிர்கள் பறிபோகும். ஆகவே, புள்ளிகள் குவிந்த இடத்தைப் பார்க்கும் முன், நேற்றுவரை இருந்து இன்று மறைந்துபோன புள்ளிகளைத் தேட வேண்டும். முதல் படகு அங்கேதான் செல்ல வேண்டும் என்பது என் கருத்து.

“நம் நடமாட்டத்தை மற்றவர் பார்ப்பது ஆபத்தல்லவா?” என்று நண்பர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. பெயரை நீக்கினால் மட்டும் போதாது. 15 இலட்சம் பேரின் பதிவுகளைக் கொண்டு 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒருவர் இருந்த நான்கு இடங்களும் நேரங்களும் தெரிந்தாலே 95 விழுக்காட்டினரைத் தனித்துப் பிரித்துவிடலாம் எனக் காட்டியது. அதற்காக இந்தக் கருவியையே தூக்கி எறிவதா? தனிமனிதப் பதிவு நிறுவனத்தை விட்டு வெளியே போகக்கூடாது. வட்டார வாரியான மொத்த எண்ணிக்கை மட்டுமே வெளிவர வேண்டும். இந்த விதியை வெள்ளம் வடிந்த பிறகு எழுதிப் பயனில்லை. 2015 ஏப்ரல் 25-இல் நேபாளத்தில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, ஃப்ளோமைண்டர் என்ற தொண்டு அமைப்பும் என்செல் நிறுவனமும் மக்கள் நகர்வுக் கணிப்பை ஒன்பதே நாள்களில் வெளியிட முடிந்தது. ஏற்பாடுகள் முன்பே தொடங்கியிருந்ததே அதற்குக் காரணம்.

நம் நாட்டிலும் பருவமழை ஆண்டுதோறும் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. அரசும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் மழைக்கு முன்பே ஒன்றுகூடி இதற்கான விதிகளை வகுக்க வேண்டும். கணினி கற்கும் நம் மாணவர்கள் இத்துறையில் துணிந்து கால்பதிக்க வேண்டும்.

ஆனால் பெரியம்மாவைக் கண்டுபிடிக்க எந்தக் கோபுரமும் உதவாது. அதற்கு அக்கம்பக்கத்தார் வேண்டும். உங்கள் தெருவில் கைத்தொலைபேசி இல்லாமல் தனித்து வாழ்பவர் யார்? இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். வரைபடத்தில் விடுபட்ட புள்ளியை நாம்தான் குறித்து வைக்க வேண்டும். சிந்திப்போம், செயல்படுவோம்!