ஹிப்ஹாப்புக்கு ஜாஸ் தந்த சான்றிதழ் எதற்கு?

"ஜாஸ் கலந்த பிறகுதான் ஹிப்ஹாப்புக்கே ஒரு கௌரவம் வந்தது" என்று இசை தெரிந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதற்கு அவர்கள் காட்டும் சாட்சிகளில் ஒன்று, எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட் குழு 1991இல் வெளியிட்ட 'தி லோ எண்ட் தியரி'. அதையே வினைல் இசைத்தட்டில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம். சாட்சி அவர்கள் பக்கம் பேசவில்லை.

முதலில் பெயரைப் பாருங்கள் தோழர்களே. லோ எண்ட் என்றால் ஒலியின் அடிப்பகுதி, பேஸ். சமூகத்தின் அடியில் வைக்கப்பட்ட கறுப்பின ஆண்களின் நிலையும் அதே சொல்லுக்குள் இருக்கிறது. போன் ஸ்பீக்கரில் இந்த அடி கேட்காது, மேலே மிதக்கும் குரல்தான் வரும். தட்டில் முள் இறங்கி, ஸ்பீக்கரும் சுமாராக இருந்தால் போதும், பாட்டைத் தாங்கிக்கொண்டிருப்பதே பேஸ்தான் என்பது நெஞ்சில் இடிக்கும். முதல் பாட்டின் பேஸ், ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் குழு வெளியிட்ட பழைய தட்டிலிருந்து எடுத்தது.

இன்னொரு பாட்டில் ஆளே வந்து வாசிக்கிறார்: ரான் கார்ட்டர். 1963 முதல் 1968 வரை மைல்ஸ் டேவிஸ் குழுவில் இருந்தவர். பத்து வயதில் அவர் கையில் எடுத்தது செல்லோ. மேற்கத்திய செவ்வியல் இசைதான் படித்தார், ஈஸ்ட்மன் இசைப் பள்ளியில் 1959இல் பட்டமும் வாங்கினார். வெள்ளையர்களின் ஆர்கெஸ்ட்ராக்கள் கறுப்பருக்குக் கதவு திறக்கவில்லை. திறமை இருந்தது, பட்டம் இருந்தது, 'தகுதி' மட்டும் இல்லையாம். (இந்தச் சொல்லை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம் அல்லவா?) இன்று யார் பெயரைச் சொல்லி ராப் பாடும் பிள்ளைகளை மட்டம்தட்டுகிறார்களோ, அவரையே வாசலில் நிறுத்திய ரசனை இது. 1920களில் ஜாஸையும் ஒழுக்கக்கேடு என்றுதான் ஏசினார்கள்.

வினைலின் கதையும் அப்படித்தான். 1970களின் நிதி நெருக்கடியில் நியூயார்க் பள்ளிகளின் இசை வகுப்புகள் வெட்டப்பட்டன. கருவி கிடைக்காத பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்த பழைய தட்டுகளே கருவியாயின. பிராங்ஸில் டிஜே கூல் ஹெர்க் ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி, தாளம் மட்டும் வரும் பகுதியை நீட்டினார். ட்ரைப் குழுவின் கியூ-டிப் ஜாஸ் கற்றதும் அப்பாவின் தட்டுகளில்தான். அந்தத் தட்டு இன்று கண்ணாடி அலமாரியில் ஏறிவிட்டது.

ஆல்பம் வந்த மூன்றே மாதத்தில், 1991 டிசம்பரில், ராப் பாடகர் பிஸ் மார்க்கி தொடர்பான வழக்கில் நியூயார்க் நீதிபதி ஒருவர் அனுமதியில்லாத சாம்ப்ளிங்கைத் திருட்டு என்றார். தீர்ப்பைத் தொடங்கியதே பைபிள் கட்டளையோடு. உழைத்தவருக்குக் காசு போகவேண்டும், அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் பழைய தட்டுகள் பலவற்றின் உரிமை வாசித்தவர் கையிலா இருக்கிறது? 1969இல் கிரெகரி கோல்மன் வாசித்த சில நொடி டிரம்ஸ் ஆயிரக்கணக்கான பாட்டுகளில் ஓடுகிறது. அதற்கு ஒரு காசு பார்க்காமல், வீடில்லாதவராக 2006இல் இறந்தார். அவருக்காக எந்த நீதிபதியும் பைபிளைத் திறக்கவில்லை.

யாரிடமாவது டர்ன்டேபிள் இருந்தால் கூடி உட்கார்ந்து கேளுங்கள். இல்லையென்றால் நல்ல ஹெட்போன் போதும். ரான் கார்ட்டர் வாசிப்பது 'வெர்சஸ் ஃப்ரம் தி ஆப்ஸ்ட்ராக்ட்' பாட்டில்.