செடி ஏறிய தாளில் பெயர் ஏறாதோர்

பேராதனையிலுள்ள தேசிய உலர்தாவரக் களஞ்சியத்தில் அழுத்தி உலர்த்திய செடிகள் தாள்களில் ஒட்டப்பெற்று அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. தாளின் மூலையிலுள்ள சீட்டில் சேகரித்தவர் பெயர், இடம், திகதி யாவும் உண்டு. வழிகாட்டிச் சென்று, செடியின் பெயரைச் சொல்லிக்கொடுத்த கிராமத்தவனுக்கு அங்கே இடமில்லை.

இவ்வழக்கம் பழையது. 1672இல் ஒல்லாந்தக் கம்பெனியின் வைத்தியராக வந்த ஹேர்மன் திரட்டிய செடிகளைக் கொண்டே, இம்மண்ணை ஒருபோதும் மிதியாத லின்னேயசு 1747இல் இலங்கைத் தாவரநூலை எழுதினார். ஹேர்மன் இறந்தபின், 1717இல் வெளிவந்த அவரது பட்டியல் செடிகளைச் சிங்களப் பெயர்களாலேயே வரிசைப்படுத்தியது. அப்பெயர்களைச் சொன்னவர் யார்? எவரும் கேட்கவில்லை. செடிகள் இன்று இலண்டனில் இருக்கின்றன.

1893இல் வெளிவரத் தொடங்கிய ட்ரைமனின் கைந்நூல் தமிழ்ப் பெயர்களையும் குறித்தது. பாலை, வீரை, முதிரை என வன்னி மக்களின் நாவில் வழங்கிய சொற்கள் ஆங்கில எழுத்தில் அச்சேறின. 1980 முதல் வந்த திருத்திய தொகுதிகளும் ஆங்கிலமே. சொல்லைக் கொடுத்தவனின் பேரன் அந்நூலை எழுத்துக்கூட்டவும் இயலாது நிற்கிறான். இதுதான் விஞ்ஞானத்தின் பொதுமை என்போரின் வாதத்தை நாம் ஏற்கமாட்டோம்.

இலத்தீன் பெயரே வேண்டாமென்று முழங்கும் பழம்பெருமைக் கூட்டத்தாரோடும் நமக்கு உடன்பாடில்லை. (அவர்களுள் எத்தனை பேர் வீரைமரத்தை இனங்காட்டுவர்?) உலகோர் ஒரே செடியைப் பற்றித்தான் பேசுகிறார்களென உறுதிசெய்ய அப்பெயர் வேண்டும். ஆனால் கைந்நூல் தமிழிலும் சிங்களத்திலும் வரவேண்டும். சீட்டில் ஊர்ப்பெயரும் அதைச் சொன்னவர் பெயரும் ஏறவேண்டும்.

அதுவரை ஆசிரியர்கள் கைகட்டியிருக்க வேண்டியதில்லை. பழைய பத்திரிகைத் தாளும் இரண்டு பலகைகளும் போதும், மாணவரோடு புறப்படுங்கள். வழியில் எதிர்ப்படும் விறகுவெட்டியிடம் செடியின் பெயரைக் கேளுங்கள். அவர் பெயரையும் கேட்டு எழுதுங்கள்.