எந்தத் தோலுக்கு வகுத்த அளவு?

அறுவை சிகிச்சைத் தழும்பை லேசர் அடியோடு நீக்கிவிடும் என்று இந்திய நகரங்களின் விளம்பரப் பலகைகள் உறுதி கூறுகின்றன. அறிவியல் அவ்வாறு கூறவில்லை. தழும்பின் சிவப்பையும் தடிப்பையும் லேசர் குறைக்கலாம்; தழும்பே இல்லாமல் செய்துவிடாது.

இதனினும் பெரிய பிழை பேசப்படுவதே அரிது. 595 நானோமீட்டர் சாய லேசர், தழும்பின் இரத்த நாளங்களிலுள்ள ஹீமோகுளோபினைக் குறிவைக்கிறது. அதே ஒளியை மேல்தோலின் மெலனினும் உறிஞ்சுகிறது. நிறம் கூடக்கூட, குறியைச் சேருமுன்பே மேல்தோல் சுடப்படும் அபாயமும் கூடுகிறது. கொப்புளம் எழலாம், கருமை படர்ந்து மாதக்கணக்கில் நிலைக்கலாம். தழும்பை மறைக்க வந்தவர் புதிய கறையோடு திரும்புகிறார்.

ஆற்றலைக் குறைப்பதும் தோலைக் குளிர்விப்பதும் இதைத் தணிக்கும். ஆனால், எவ்வளவு குறைப்பது? அதற்கு வழிகாட்டும் தோல்வகைப்பாட்டை 1975இல் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் வகுத்தபோது, வெள்ளைத்தோல் வெயிலில் எவ்வாறு சிவக்கிறது என்பதே அடிப்படை. பழுப்புக்கும் கறுப்புக்கும் உரிய வகைகள் பின்னரே சேர்க்கப்பட்டன. கெலாய்டு தழும்போ கருந்தோலினரிடமே மிகுதி.

இரவல் அளவுகளை இந்தியத் தோலில் பொருத்திப் பார்ப்பதை மருத்துவம் என்று அழைக்கலாகாது. ஒவ்வோர் ஆய்வும் முடிவுகளை நிறவாரியாகப் பிரித்து வெளியிடவேண்டும். 'கருமை படரக்கூடும்' என்பது ஒப்புதல் படிவத்தின் முதல் வரியாக, நோயாளியின் மொழியில் இருக்கவேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் லேசர் வெறும் வணிகச் சரக்கு.