இரண்டு இரவு கோலாலம்பூர்: எங்கே தங்குவது?



பள்ளி விடுமுறை நெருங்கினால் நம்மைத் தேடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "ரெண்டு மூணு நாள் கேஎல் போறோம். எங்கே தங்கலாம், என்ன பார்க்கலாம்?" தைப்பிங்கிலிருந்தும் கேட்கிறார்கள், சிகாமட்டிலிருந்தும் கேட்கிறார்கள். நம் பந்திங் வாசகர்களும் கேட்கிறார்கள். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு கேஎல்லில் அறை எடுப்பதா என்று சிலர் நினைக்கலாம். ஆனால் பந்திங்கில் ரயில் கிடையாது. காலையில் காரை எடுத்து, நெரிசலில் ஊர்ந்து, நிறுத்த இடம் தேடி, இரண்டே இடம் பார்த்துவிட்டு, இரவில் மறுபடியும் அதே நெரிசலில் திரும்பினால் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்? வருடத்துக்கு ஒருமுறை இரண்டு இரவு தங்கி, நிதானமாகத் தலைநகரைப் பார்ப்பதில் ஊதாரித்தனம் ஒன்றுமில்லை.

அறையைப் பற்றிப் பேச்செடுத்ததுமே வீட்டில் அடுத்த பேச்சு கிளம்பிவிடும். "செந்தூலில் அத்தை இருக்காங்க. ஓட்டலில் தங்கினா என்ன நினைப்பாங்க?"

இதைத் தள்ளிவிட முடியாது. நம் வீடுகளில் உறவு என்பதே வந்து தங்குவதில்தான் இருக்கிறது. தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்குக் கூடத்தில் பாய் விரித்துப் பத்துப் பேர் படுத்த நாட்கள் மறக்காது. ஆனால் இன்றைக்கு அத்தை இருப்பது சின்ன அடுக்குமாடி வீட்டில். மகன் இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறார். மருமகள் விடிவதற்கு முன் வேலைக்குக் கிளம்புகிறார். அங்கே நாம் ஐந்தாறு பேர் பைகளோடு போய் இறங்கினால், காலையில் குளியலறைக்கே வரிசை நிற்கும். அத்தை ஐந்து மணிக்கு எழுந்து தோசைக்கல்லைப் போட்டால் பத்து மணி வரை உட்கார மாட்டார். நம்மோடு பேசத்தான் அவருக்கு ஆசை. அந்தப் பேச்சுக்கு மட்டும் நேரம் இருக்காது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அறை எடுங்கள். ஒரு வாரம் முன்பே அத்தைக்குப் போன் செய்து, "சனிக்கிழமை ராத்திரி உங்க வீட்டுலதான் சாப்பாடு" என்று சொல்லுங்கள். பழம் வாங்கிக்கொண்டு போய், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நீங்கள் கேஎல் வந்து போனதை பேஸ்புக் படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்போதுதான் மனம் நோகும். ஒரே ஒரு விதிவிலக்கு: அந்த உறவினர் வயதானவர், தனியாக இருக்கிறார் என்றால் அவர் வீட்டிலேயே தங்குங்கள். ஊர் சுற்றிப் பார்ப்பதைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

சரி, அறை எங்கே? குறுகிய பயணத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியது வட்டாரத்தை. ஓட்டல் அதற்குப் பிறகுதான். நீச்சல் குளத்தின் படத்தைப் பார்த்து ஊருக்கு வெளியே ஓட்டல் எடுத்துவிட்டு, காலையும் மாலையும் கிராப் காருக்குக் காசு கொடுக்கும் குடும்பங்கள் நிறைய. அந்தக் குளத்தில் பிள்ளைகள் இறங்குவது அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ. நான் கேட்கச் சொல்வது மூன்றே கேள்விகள். காலையில் நடந்து போய்ப் பசியாற முடியுமா? ரயில் நிலையம் நடக்கும் தூரமா? மூட்டு வலிக்காரப் பாட்டி மதியம் அறைக்குத் திரும்பி ஒரு மணி நேரம் படுத்துவிட்டு மறுபடி வெளியே வர முடியுமா?

மூன்றுக்கும் ஆமாம் என்று சொல்லக்கூடிய வட்டாரம் நம்மவர்களுக்கு பிரிக்பீல்ட்ஸ்தான். 2001இல் கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டதிலிருந்து நாட்டின் முக்கிய ரயில் தடங்கள் அங்கே கூடுகின்றன. நு சென்ட்ரல் பேரங்காடி வழியாக வெளியே வந்தால் ஜாலான் துன் சம்பந்தன். ஈப்போ, ஜொகூர் பக்கமிருந்து வரும் பல பேருந்துகள் பண்டார் தாசேக் செலாத்தான் முனையத்தில் நிற்கும். அங்கிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு ஒரே கம்யூட்டர் ரயில். அதே தடம் பத்துமலை வரை போகிறது. பந்திங்காரர்கள் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓட்டிக் கிள்ளான் போய், காரை அங்கே விட்டுவிட்டு ரயில் ஏறலாம். 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைத்துப் போட்ட பழைய தடம்தான் அது. நேரம் கூடக் குறைய ஒரு மணி ஆகும், ஆனால் ஸ்டியரிங் பிடிக்க வேண்டாம், நிறுத்துமிடம் தேட வேண்டாம்.

பிரிக்பீல்ட்ஸில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சாலையோர அறைகளில் இரவு வெகுநேரம் வரை வண்டிச் சத்தம் கேட்கும். சில உள்சந்துகள் இரவில் குடும்பத்தோடு நடக்க ஏற்றவை அல்ல. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கூட்டம் நெரியும், தைப்பூசத்தின்போது அறை கிடைப்பதே பாடு. கடைவீட்டு மாடிகளில் நடக்கும் மலிவு விடுதிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பல அறைகளுக்கு ஜன்னலே கிடையாது. படத்தில் திரைச்சீலை தொங்கும், விலக்கிப் பார்த்தால் சுவர்தான் இருக்கும். பணம் கட்டுமுன் போன் போட்டுக் கேளுங்கள்: ஜன்னல் உண்டா, லிப்ட் உண்டா, அறை எத்தனை மணிக்குக் கிடைக்கும், அதுவரை பையை வைத்துக்கொள்வார்களா? இணையத்தில் நட்சத்திரங்களை எண்ணுவதைவிடக் கடந்த இரண்டு மூன்று மாதங்களில் தங்கியவர்கள் எழுதியதைப் படியுங்கள். நல்லதாக எழுதியதை மேலோட்டமாகப் பார்த்தால் போதும். குறை சொன்னதை நிதானமாகப் படியுங்கள்.

எட்டுப் பத்துப் பேராகப் போகும் குடும்பத்துக்கு ஹோம்ஸ்டே கட்டுப்படியாகும். அடுப்பு இருக்கும், குழந்தைக்குக் கஞ்சி வைக்கலாம். ஆனால் அதுவும் ரயிலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இனி சாப்பாடு. இதில் நம் குடும்பங்கள் செய்யும் செலவில் பாதி, பசி முற்றிய பிறகு கண்ணில் பட்ட கடைக்குள் நுழைவதால் வருவது. காலையில் ஓட்டலிலேயே பசியாறல் வேண்டுமா? அறைக் கட்டணத்தோடு தலைக்கு இத்தனை வெள்ளி என்று சேர்ப்பதற்குமுன் யோசியுங்கள். கீழே இறங்கினால் இட்லி, தோசை, ரொட்டி சானாய், நாசி லெமாக், தே தாரே எல்லாம் இருக்கிறது. நான்கு பேர் வயிறார உண்ணலாம்.

மதியத்துக்கு வாழை இலைச் சாப்பாடு. பிரிக்பீல்ட்ஸில் அதைச் சாப்பிடாமல் திரும்புவது சரியில்லை. ஜாலான் ஸ்காட் பக்கம் பன்னிரண்டு மணிக்கு முன்பே போய் உட்காருங்கள். இலை விழும். "வெள்ளைச் சோறா, புழுங்கலா?" என்று கேட்பார்கள். இரண்டு மூன்று காய், ஊறுகாய், அப்பளம், பொரித்த மோர் மிளகாய் வரும். மொறுமொறுவென்று பொரித்த பாகற்காயை, கசப்பு என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகளும் இரண்டாம் முறை கேட்பார்கள். ரசத்தைத் தனியே டம்ளரில் வாங்கிக் குடியுங்கள். சோறும் காயும் மறுபடி கேட்டால் போடும் கடைகளே அதிகம். ஆனால் தட்டில் ஏந்தி வந்து காட்டும் நண்டு, இறால், மீன் பொரியல் எல்லாம் தனி விலை. மீன் தலைக்கறியும் அப்படித்தான். விலையைக் கேட்டுவிட்டு எடுங்கள். கேட்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. கேட்காமல் எடுத்துவிட்டுக் கல்லாவில் நின்று முகம் வாடுவதுதான் சங்கடம்.

இரவில் மறுபடியும் கனமாகச் சாப்பிட வேண்டாம். அத்தை வீட்டு விருந்து இல்லாத இரவில் மாமாக் கடையில் ஆளுக்கொரு தோசையோ ரொட்டியோ போதும். மறுநாள் காலையில் பத்துமலைப் படி ஏற வேண்டுமே!

பார்க்கும் இடங்களுக்கு நான் சொல்லும் கணக்கு எளிது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நடுப்பகல் வெயிலில் சாப்பாடும் ஓய்வும். பட்டியலில் எட்டு இடம் வைத்துக்கொண்டு ஓடினால் நான்காவது இடத்திலேயே பிள்ளைகள் அழும், பெரியவர்கள் மௌனமாகிவிடுவார்கள்.

பத்துமலையை முதல் நாள் காலைக்கு வையுங்கள். 272 படிகள். எட்டு மணிக்குமுன் போய்விட்டால் வெயிலும் இல்லை, சுற்றுலாப் பேருந்துகளின் கூட்டமும் இல்லை. ஏற முடியாத பெரியவர்களை வற்புறுத்த வேண்டாம். 140 அடி முருகன் சிலை அடிவாரத்தில்தான் நிற்கிறது, கீழேயே கோயில்களும் இருக்கின்றன. கையில் உணவுப் பொட்டலம் இருந்தால் குரங்குகள் விடாது, பையை மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலை கேஎல் சென்ட்ரலிலிருந்து எல்ஆர்டி ஏறினால் முதல் நிறுத்தம் பாசார் செனி. அங்கிருந்து சில நிமிட நடையில் ஜாலான் துன் எச்.எஸ். லீ மகா மாரியம்மன் கோயில். 1873இல் அதை எழுப்பிய தம்புசாமிப் பிள்ளைதான் 1891இல் பத்துமலைக் கோயிலையும் தொடங்கினார். தைப்பூச வெள்ளிரதம் அந்த மாரியம்மன் கோயில் வாசலிலிருந்தே பத்துமலைக்குப் புறப்படுகிறது. காலையில் மலை, மாலையில் அந்தக் கோயில் என்று ஒரே நாளில் பார்த்தால் பிள்ளைகளுக்கு இரண்டையும் கோத்துச் சொல்லலாம். பிறகு அதே தடத்தில் இன்னும் நான்கு நிறுத்தம் போனால் கேஎல்சிசி. இரட்டைக் கோபுரத்தின் மேலே போக டிக்கெட்டை முன்கூட்டியே வாங்க வேண்டும், திங்கட்கிழமை விடுமுறை. பணம் செலவழித்து மேலே போகத்தான் வேண்டுமா? கீழே பூங்காவில் உட்கார்ந்து, இருட்டிய பிறகு ஒளியோடு எழும் நீரூற்றைப் பார்ப்பது இலவசம். சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே போதும் என்பேன்.

இரண்டாம் நாள் காலை பிரிக்பீல்ட்ஸிலேயே நடங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து திறந்துவைத்த லிட்டில் இந்தியாவின் வளைவோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். 1904இல் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமம் ஜாலான் துன் சம்பந்தனில் நிற்கிறது. அந்த வளாகத்தில் உயர்மாடிக் கட்டடம் எழுப்பும் திட்டம் வந்தபோது பொதுமக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். ஆசிரமம் பாரம்பரியச் சின்னமாகப் பாதுகாப்புப் பெற்றது. ஜாலான் ஸ்காட்டில் யாழ்ப்பாணத் தமிழர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயில். ஜாலான் பெர்ஹாலாவில் சிங்களவர்களின் மகா விகாரை. ரயில்வே தொழிலாளர்கள் வாழ்ந்த நூறு குவாட்டர்ஸ் இன்று இல்லை. அது இருந்த இடத்தையாவது பிள்ளைகளுக்குக் காட்டலாம். சாலைக்குப் பெயர் தந்த துன் சம்பந்தன் யார் என்றும் சொல்லுங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கியவர். கோல லங்காட் வட்டாரத்தில் எத்தனையோ தாத்தா பாட்டிகள் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். அவர்கள் கூட வந்திருந்தால் மீதிக் கதையை அவர்களே சொல்வார்கள்.

வெயில் ஏறினால் தேசிய அரும்பொருளகம் இருக்கிறது. கேஎல் சென்ட்ரலிலிருந்து எம்ஆர்டி நடைபாதை வழியாக நடந்தே போய்விடலாம்.

தமிழ்நாட்டிலிருந்து உறவினர் வருவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டவருக்கு ஓட்டலில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு பத்து வெள்ளி சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள். முன்பே சொல்லி வையுங்கள். அவர்களின் கடைசி நாளை பந்திங்குக்கு ஒதுக்குங்கள். கேஎல்ஐஏ விமான நிலையம் தலைநகரைவிட நமக்குத்தான் பக்கம். பழைய அரச நகரான ஜுக்ராவைக் காட்டலாம். மாலைக் காற்றுக்கு மோரிப் போகலாம், குளிக்க அது ஏற்ற கடற்கரை இல்லை, சேறு. 1945 செப்டம்பர் 9 அன்று இந்திய வீரர்களும் அடங்கிய பிரிட்டிஷ் படை அங்கேதான் கரையிறங்கியது. இராணுவ வண்டிகள் அந்தச் சேற்றில் சிக்கிக்கொண்டன. இந்தக் கதையைச் சொன்னால் ஊரிலிருந்து வந்தவர்கள் ஆர்வமாகக் கேட்பார்கள். பிறகு நம் வீட்டில் சாப்பாடு, அங்கிருந்தே விமான நிலையம்.

இந்த விடுமுறையில் கேஎல் போய் வருபவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். எந்த விடுதியில் ஜன்னல் இருந்தது, எந்தக் கடையில் விலை நியாயமாக இருந்தது, வயதானவர்களுக்கு எந்த இடம் தோதாக இருந்தது என்று நான்கு வரி போதும். அடுத்த முறை அறை தேடும் இன்னொரு குடும்பத்துக்கு அது உதவும். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்