இல்லத்துக்கு ஒரு கோப்புக் களஞ்சியம்



ஒரு குடும்பத்தின் உடைமைகளில் இரு வகை உண்டு. இழந்தால் மீண்டும் வாங்கக்கூடியவை ஒரு வகை. எவ்வளவு பணம் கொடுத்தாலும் வாங்க இயலாதவை மற்றொரு வகை. 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளம் இந்த வேறுபாட்டை எண்ணற்ற குடும்பங்களுக்குக் கற்பித்தது. வெள்ளத்தில் போன சான்றிதழ்களுக்குப் பதிலாக நகல்கள் வழங்க அரசே சிறப்பு முகாம்கள் நடத்தியது. கட்டிலையும் அடுப்பையும் மக்கள் மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டார்கள். ஆனால் சேற்றில் ஊறிப்போன திருமணப் படத்துக்கு நகல் வழங்க எந்த முகாமும் இல்லை.

இன்று நம் இல்லங்களில் புகைப்பட ஆல்பங்கள் அருகிவிட்டன. குழந்தை எடுத்துவைத்த முதல் அடி, புதுநன்மை வாங்கிய நாள், மறைந்த பாட்டியின் குரல், வீட்டுப் பத்திரத்தின் படம், மருத்துவர் எழுதித் தந்த சீட்டு ஆகிய யாவும் கைப்பேசியில் குடியேறியுள்ளன. அந்தக் கைப்பேசியோ பேருந்தில் தவறிப் போகலாம், கிணற்றில் விழலாம், ஒருநாள் காலையில் காரணம் எதுவுமின்றி உயிர்பெற மறுக்கலாம். ஆகவே, வீட்டிலுள்ள அனைவருடைய கோப்புகளையும் ஓரிடத்தில் சேர்த்துக் காக்கும் களஞ்சியம் ஒன்றை நாமே அமைத்துக்கொள்வது எப்படி என்பதை இம்மாதம் காண்போம்.

ஏடு காத்தவர்கள் தந்த பாடம்

நம் முன்னோர் பனையோலையில் எழுதினர். ஓலை என்றென்றும் நிலைப்பதன்று. கறையானும் ஈரமும் அதன் பகைவர். எனவே பழைய ஏடு நைந்து போகுமுன் புதிய ஏட்டில் பெயர்த்து எழுதி வைத்தார்கள். உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல இடங்களில் காக்கப்பட்டிருந்த ஏடுகளைத் தேடிப் பெற்று, ஒப்புநோக்கியே பாடத்தை உறுதி செய்தார். பெயர்த்தெழுதப்பெற்றுப் பல ஊர்களில் பரவியிருந்த நூல் பிழைத்தது. ஒரே வீட்டில் ஒரே ஏடாகக் கிடந்த நூல், அந்த வீடு எரிந்தபோது உடன் எரிந்தது.

ஹார்டு டிஸ்க் என்று நாம் கடையில் கேட்டு வாங்கும் வன்தட்டும் ஓர் ஏடே. அதனுள்ளே தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. எழுத்தைப் படிக்கும் முனை, தலைமயிரின் தடிமனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறுகிய இடைவெளியில் தட்டின்மேல் மிதந்து செல்கிறது. இத்தகைய நுண்பொறி என்றேனும் ஒருநாள் நின்றே தீரும். அந்த நாள் எது என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. களஞ்சியம் அமைப்போர் முதலில் மனத்தில் கொள்ளவேண்டிய உண்மை இது.

இணையத்தில் வைத்தால் போதாதா?

சிலர் இவ்வாறு கேட்கக்கூடும். இணையக் கிடங்கு பயனுள்ளதே. ஆயினும் அது பிறர் வீட்டு அறை. கூகுள் போட்டோஸ் அளவின்றி இலவசமாகப் படங்களை வைத்துக்கொள்ள அளித்த வசதி 2021 ஜூன் 1ஆம் நாளுடன் முடிவுற்றது. மைஸ்பேஸ் என்னும் இணையத்தளம், 2003 முதல் 2015 வரை மக்கள் நம்பி ஏற்றிவைத்த பாடல்கள், கோப்புகளை இடம்மாற்றும்போது போய்விட்டதாக 2019இல் ஒப்புக்கொண்டது. பிறர் அறையில் ஒரு நகல் இருக்கட்டும். ஒரே நகலையும் அங்கே வைத்துவிடலாகாது.

சர்வர் என்பது யாது?

சர்வர் என்றதும் உணவு விடுதியில் பரிமாறுபவர் நம் நினைவுக்கு வருவார். பொருள் ஏறக்குறைய அதுவேதான். வீட்டின் ஒரு மூலையில் அடக்கமாக அமர்ந்து, கைப்பேசியும் கணினியும் கேட்கும் கோப்புகளை எடுத்துக் கொடுத்து, அவை தருவதை வாங்கி வைக்கும் கணினியே சர்வர். இதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. பிள்ளைகள் படித்து முடித்து ஒதுக்கிய பழைய கணினியே போதும். உள்ளங்கை அளவுள்ள ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியும் போதும்.

இவ்விரண்டில் எதைத் தேர்வது என்பதற்கு மின்கட்டணத்தையும் கணக்கிடுதல் நன்று. பழைய மேசைக் கணினி சும்மா இருக்கும்போதும் 50 வாட் அளவுக்கு மின்சாரம் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், இரவும் பகலும் ஓடும்போது நாளுக்கு 1.2 யூனிட், ஆண்டுக்கு 438 யூனிட் ஆகும். 10 வாட் கொள்ளும் சிறு கணினிக்கு ஆண்டுக்கு 88 யூனிட் அளவே செலவாகும். பழைய கணினிதான் உள்ளதென்றால், மாலையில் சில மணி நேரம் மட்டும் இயக்கினாலும் குறையொன்றுமில்லை.

அமைக்கும் முறை

முதலில் அளவு. கைப்பேசியில் எடுக்கும் படம் ஒன்று 4 மெகாபைட் எனக் கொண்டால், ஒரு டெராபைட் தட்டில் இரண்டரை இலட்சம் படங்கள் அடங்கும். காணொளிகள்தாம் இடத்தை விழுங்குபவை. ஆகவே நடுத்தரக் குடும்பத்துக்கு 2 அல்லது 4 டெராபைட் தட்டு பல ஆண்டுகளுக்குப் போதும்.

அடுத்தது மென்பொருள். ஓப்பன் மீடியா வால்ட் என்பது இப்பணிக்கென்றே ஆக்கப்பட்டு, 2011 முதல் வழங்கப்பட்டு வரும் இலவச மென்பொருள். ஜெர்மானியரான வோல்கர் தைலே இதனைத் தொடங்கினார். லினக்ஸ் அடிப்படையில் இயங்கும் இதனைப் பென்டிரைவ் ஒன்றில் எழுதி, அதிலிருந்து கணினியில் நிறுவவேண்டும். நிறுவும்போது அத்தட்டில் முன்பிருந்தவை அழிந்துபோகும். ஆதலால் பழைய கணினியில் உள்ள கோப்புகளை வேறிடத்துக்கு மாற்றிய பின்னரே இதில் கைவைக்கவேண்டும். கணினி பயின்ற மகனோ மகளோ, அண்டை வீட்டு இளைஞரோ ஒரு மாலைப்பொழுதில் செய்து தரக்கூடிய வேலை இது.

வெவ்வேறு வகைக் கணினிகள் இந்தச் சர்வருடன் உரையாடுவதற்குச் சாம்பா என்னும் மென்பொருள் துணைபுரிகிறது. ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1990களின் தொடக்கத்தில் இதனை உருவாக்கினார். அவரே பால் மக்கராஸ் என்பவருடன் சேர்ந்து 1996இல் ஆர்சிங்க் என்னும் கருவியையும் அளித்தார். ஒரு தட்டிலிருந்து மற்றொன்றுக்குப் படியெடுக்கும்போது, மாறியவற்றை மட்டும் கண்டறிந்து அனுப்புவது அதன் திறமை. காப்புநகல் எடுப்பதற்கு இன்றும் உலகெங்கும் அதனைப் பயன்படுத்துகின்றனர்.

சர்வரை ரூட்டருடன் கேபிளால் இணைப்பதே நலம். நல்ல கேபிள் இணைப்பில் நொடிக்கு 100 மெகாபைட் அளவு செல்லும்; 100 ஜிகாபைட் கோப்புகள் 17 நிமிடத்தில் போய்ச் சேரும். பெட்டியை மூடிய அலமாரிக்குள்ளோ அடுப்படிக்கு அருகிலோ வைக்கலாகாது. தரையிலிருந்து சற்று உயரமாக, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கோப்புகள் சிதையக்கூடும். ஆகவே சிறிய யு.பி.எஸ். ஒன்று இன்றியமையாதது.

கண்ணாடி வேறு, காப்பு வேறு

பலர் தடுக்கி விழும் இடம் இதுவே. இரண்டு தட்டுகளைப் பூட்டி, ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் அப்படியே பதியுமாறு செய்யலாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் 1988இல் வெளியிட்ட ஆய்வுரையால் ரெய்டு என்ற பெயரில் புகழ்பெற்ற முறைகளுள் இதுவும் ஒன்று. ஒரு தட்டு பழுதானாலும் மற்றது வேலை செய்யும். நன்மைதான், ஐயமில்லை.

ஆயினும் இது முகம்பார்க்கும் கண்ணாடி போன்றது. நீங்கள் எதைச் செய்தாலும் அதையே கண்ணாடியும் செய்யும். குழந்தை விளையாட்டாக ஒரு கோப்பை அழித்தால், இரு தட்டுகளிலும் அந்த நொடியிலேயே அழியும். திருடன் பெட்டியைத் தூக்கிச் சென்றால் இரண்டும் ஒன்றாகவே போகும். இடி விழுந்தால் இரண்டும் கருகும். தட்டு பழுதடைவதற்கு மட்டுமே கண்ணாடி மருந்து. மற்றத் தீங்குகளுக்கு மருந்து, தனியே எடுத்துத் தனியே வைத்த காப்புநகல். அந்தக் காப்பிலும் நேற்றைய நிலையை மட்டுமன்றிச் சென்ற வார நிலையையும் சென்ற மாத நிலையையும் சேர்த்து வைப்பது அறிவுடைமை. ஒரு கோப்பு அழிந்ததை நாம் பத்து நாள் கழித்து உணரக்கூடும் அல்லவா?

மூன்று, இரண்டு, ஒன்று

பீட்டர் கிரோக் என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய எளிய விதி ஒன்றுண்டு. எந்தக் கோப்புக்கும் மூன்று பிரதிகள் இருக்கவேண்டும். அவை இரு வேறு வகைச் சாதனங்களில் இருக்கவேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறு இடத்தில் இருக்கவேண்டும். நம் இல்லத்தில் இதனை எளிதாகப் பின்பற்றலாம். கைப்பேசியில் உள்ளது ஒன்று. சர்வரில் உள்ளது இரண்டு. வெளியே எடுத்துச் செல்லக்கூடிய தனித் தட்டில் படியெடுத்து, வேறூரில் வாழும் அண்ணன் வீட்டிலோ மணமான மகள் வீட்டிலோ வைப்பது மூன்று. அவர்களுடைய தட்டை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பண்டிகைக்குச் செல்லும்போது மாற்றிக்கொள்ளலாம். அத்தட்டைக் கடவுச்சொல்லால் பூட்டிவிட்டால், வழியில் தொலைந்தாலும் அந்நியர் எவரும் திறந்து பார்க்க இயலாது.

வேறு இடத்தில் இருக்கும் பிரதியின் அருமையை இரு நிகழ்ச்சிகளால் உணரலாம். 1998இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் டாய் ஸ்டோரி 2 என்னும் படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, தவறான கட்டளை ஒன்றினால் படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி அழிந்தது. காப்புநகலும் சரியாக இல்லை. அப்போது தொழில்நுட்பப் பொறுப்பிலிருந்த கேலின் சூஸ்மன் என்ற பெண்மணி, கைக்குழந்தையைக் கவனித்துக்கொண்டே வேலை பார்ப்பதற்காக வீட்டுக் கணினியில் ஒரு பிரதி வைத்திருந்தார். அக்கணினியைப் போர்வையில் சுற்றி, நோயாளியைக் கொண்டுசெல்வதுபோல் காரில் வைத்துக் கொண்டுவந்தார்கள். படம் பிழைத்தது.

தென்கொரியாவிலோ கதை வேறாயிற்று. 2025 செப்டம்பர் 26ஆம் நாள் தேஜோன் நகரிலுள்ள அரசுத் தகவல் மையத்தில் தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்து வந்த 858 டெராபைட் களஞ்சியம் எரிந்துபோனது. அதற்கு வெளியிடத்தில் நகல் எதுவும் இல்லை. ஓர் அரசாங்கத்துக்கே இந்நிலை என்றால், நம் குடும்பங்கள் எவ்வளவு விழிப்பாக இருக்கவேண்டும்!

கதவைத் திறந்துவைக்காதீர்கள்

ஊரிலிருந்தபடியே வீட்டுச் சர்வரைப் பார்க்கவேண்டும் என்னும் ஆசை எழுவது இயல்பே. அதற்காக ரூட்டரில் வழி திறந்துவிடுவது, தெருக்கதவைத் திறந்துபோட்டு உறங்குவதற்கு ஒப்பாகும். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்னும் தீய நிரல், இணையத்துக்குத் திறந்திருந்த ஆயிரக்கணக்கான கியூநாப் களஞ்சியப் பெட்டிகளுக்குள் புகுந்து, கோப்புகளைப் பூட்டி, திறவுகோலுக்குப் பணம் கேட்டது. எனவே சர்வர் வீட்டுக்குள் மட்டும் பயன்படட்டும். காப்புத் தட்டையும் படியெடுத்தவுடன் கழற்றி வைத்துவிடுங்கள். இணைப்பில் இல்லாத தட்டை எந்தத் தீய நிரலும் தொட இயலாது.

மீட்டுப் பார்த்தீர்களா?

காப்புநகல் எடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர் பலர். அதிலிருந்து ஒரு கோப்பையேனும் மீட்டுப் பார்த்தவர் சிலர். 2017 ஜனவரி 31ஆம் நாள் கிட்லாப் என்னும் மென்பொருள் நிறுவனத்தில் ஊழியர் ஒருவர் தவறுதலாகத் தரவுகளை அழித்துவிட்டார். காப்புமுறைகள் ஒன்றிரண்டல்ல, ஐந்து இருந்தன, ஒன்றும் கைகொடுக்கவில்லை. ஏறக்குறைய 6 மணி நேரத்துக்கு முன் வேறொரு காரணத்துக்காகத் தற்செயலாக எடுக்கப்பட்ட படி ஒன்றே அவர்களைக் காத்தது. கணினி வல்லுநர்க்கே இவ்வாறு நேருமாயின், நாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை காப்புத் தட்டைத் திறந்து, பத்துப் படங்களையும் இரண்டு ஆவணங்களையும் வேறு கணினியில் எடுத்துப் பார்ப்பது பெரிய சிரமமாகுமா?

வீட்டார் அறியட்டும்

நிறைவாக, இயந்திரத்தைவிட முக்கியமான ஒன்று. பல இல்லங்களில் இத்தகைய ஏற்பாடுகளைத் தந்தை ஒருவரே அறிவார். அல்லது மூத்த மகன் ஒருவனே அறிவான். கடவுச்சொல் அவர் மனத்தில் மட்டும் இருக்கும். அவர் திடீரென நோய்வாய்ப்பட்டாலோ மறைந்தாலோ, குடும்பத்தின் முப்பது ஆண்டு நினைவுகள் பூட்டிய பெட்டிக்குள் கிடக்கும். துயரில் இருக்கும் மனைவி, கணவரின் முகத்தைக் காணவும் கடவுச்சொல்லைத் தேடி அலையவேண்டுமா? ஒருவர் மட்டுமே திறக்கக்கூடிய களஞ்சியம் குடும்பக் களஞ்சியம் அன்று.

ஆகவே ஒரு குறிப்பேடு எடுங்கள். சர்வர் எங்கே உள்ளது, எப்படி இயக்குவது, கடவுச்சொல் யாது, மூன்றாம் பிரதி யார் வீட்டில் உள்ளது என்பவற்றை எளிய தமிழில் எழுதுங்கள். பத்திரங்களுடன் அதனைப் பத்திரப்படுத்தி, இல்லத்தரசிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் தெரிவியுங்கள். ஒருமுறை அவர்களையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சர்வர் அமைக்க இப்போது வசதியில்லாத குடும்பங்கள் மனம் தளரவேண்டாம். இரண்டு தனித் தட்டுகள் வாங்கி, மாதந்தோறும் படியெடுத்து, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை உறவினர் வீட்டிலும் வைத்தாலே பெரும்பாலான இழப்புகளிலிருந்து தப்பலாம். அதற்கும் இயலாதவர்கள் ஒரே ஒரு தட்டாவது வாங்கட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் குடும்பத்தார் யாவரும் தத்தம் கைப்பேசிகளுடன் ஒன்றாக அமருங்கள். முதலில் படியெடுக்க வேண்டியவை எவை என்பதைப் பாட்டியிடமும் கேளுங்கள், குழந்தைகளிடமும் கேளுங்கள்.