வாசனை தெரியும்போதே லேட்! டைகுளோரோமீத்தேன் ஏன் இவ்வளவு ஆபத்து?

பழைய பெயின்டைச் சில நிமிடங்களில் உரித்துவிடும். பெட்ரோல், தின்னர் மாதிரி சட்டெனத் தீப்பிடிக்காது. மணமும் லேசான இனிப்புதான். கேட்டால் ரொம்ப நல்ல பொருளாகத் தெரியும். ஆனால் அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை, குளியல் தொட்டிகளைப் புதுப்பிக்கும் வேலையில் இருந்த 13 பேர் இந்தத் திரவத்தின் ஆவியால் இறந்திருக்கிறார்கள்.

இது என்ன?

மீத்தேனில் உள்ள 4 ஹைட்ரஜன் அணுக்களில் இரண்டின் இடத்தைக் குளோரின் பிடித்தால் அதுதான் டைகுளோரோமீத்தேன். மெத்திலீன் குளோரைடு என்பதும் இதே பொருள்தான். 39.6 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். சென்னையின் மே மாத வெயிலே அதற்குப் போதும். மருந்துத் தயாரிப்பு, பெயின்ட் ரிமூவர், அக்ரிலிக் ஒட்டும் பசை, சில வகை டீகாஃப் காபி எனப் பல இடங்களில் பயன்படுகிறது.

தொட்டியில் என்ன நடந்தது?

இதன் ஆவி காற்றைவிடக் கிட்டத்தட்ட 3 மடங்கு கனமானது. காற்றோட்டம் இல்லாத பாத்ரூமில் அது வெளியேறாமல் தொட்டிக்குள்ளேயே தேங்கும். குனிந்து சுரண்டும் தொழிலாளியின் தலை சரியாக அதற்குள்தான் இருக்கும். முதலில் தலைசுற்றல், பிறகு மயக்கம், கடைசியில் மூச்சே நின்றுவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. உடலுக்குள் போன டைகுளோரோமீத்தேனில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறும். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும். வெளியே வந்த பிறகும் இது சில மணி நேரம் தொடரலாம். அதனால் ‘காத்தாட உட்கார்ந்தா சரியாயிடும்’ என்று விடாமல் மருத்துவமனைக்குப் போவதே சரி.

மாஸ்க், கையுறை போதாதா?

போதாது. சாதாரண ரப்பர், நைட்ரைல் கையுறைகளைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. மூக்கை நம்பவும் முடியாது. அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதிப்படி 8 மணி நேரச் சராசரி வரம்பு, காற்றில் 10 லட்சத்தில் 25 பங்கு. வாசனை தெளிவாகத் தெரிவதற்குள் அளவு அதைப் பல மடங்கு தாண்டியிருக்கும். புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் 2ஏ பிரிவிலும் இது இருக்கிறது.

என்ன செய்யலாம்?

‘காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்தவும்’ என்று டப்பாவில் அச்சிட்டிருந்தும் மரணங்கள் நிற்கவில்லை. 2019-ல் பொதுமக்களுக்கான பெயின்ட் ரிமூவர்களில் இதை அமெரிக்கா தடை செய்தது. 2024-ல் பெரும்பாலான தொழில் பயன்பாடுகளையும் நிறுத்த உத்தரவிட்டது. எச்சரிக்கையைப் பொடி எழுத்தில் போட்டுவிட்டு, பொறுப்பைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது என்பதே இதில் உள்ள பாடம்.

வீட்டில் பெயின்ட் வேலை நடந்தால், ரிமூவர் டப்பாவில் இந்த இரண்டு பெயர்களில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தால் கூடுதலாக ஒரு நாள் கூலி ஆகலாம். வேலைக்கு வந்தவர் பத்திரமாக வீடு திரும்ப, அந்தக் கூலியைக் கொடுக்கலாம்.