ராம்நாட்ல மலை எங்கப்பா இருக்கு?

"மவுண்டன் பைக்" என்று வாயைத் திறந்தாலே போதும், யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார்: "ராம்நாட்ல மலை எங்கப்பா இருக்கு?" கேள்வி என்னவோ சரிதான். திருப்பாலைக்குடியில் நின்று நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தால் கிழக்கே பாக் நீரிணை. மற்ற மூணு பக்கமும் உப்பளம், பனை, கண்மாய், சீமைக்கருவேலம். கண்ணுக்குத் தெரிகிற உயரமான பொருள் செல்போன் டவர்தான். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளே ஒரு இளக்காரம் ஒளிந்திருக்கு பாருங்க, அதோடதான் எனக்குச் சண்டை. "தண்ணியில்லாக் காடு, அங்க பார்க்க என்ன இருக்கு" என்கிற அதே பழைய பாட்டு. அரசு ஊழியரைத் தண்டிக்க மாற்றல் கொடுக்கிற ஊர் என்று சினிமாவில் காமெடி பண்ணிப் பண்ணி, கடைசியில் நாமே அதை நம்பிவிட்டோம்.

முதலில் அந்த மலை விஷயத்தை முடித்துவிடலாம். மவுண்டன் பைக் என்பது ஏதோ ஆய்வுக்கூடத்தில் பிறந்த வஸ்து இல்லை. 1970களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில், டமால்பைஸ் மலைப் பக்கம் சில இளைஞர்கள் பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மண் பாதையில் ஓட்ட ஆரம்பித்தார்கள். எல்லாம் தடித்த டயர் போட்ட கனமான வண்டிகள், யாரும் சீந்தாமல் கிடந்தவை. 1976இல் ஒரு இறக்கத்தில் பந்தயமும் வைத்தார்கள். அதற்குப் பெயர் 'ரீபேக்'. ஒரு தடவை இறங்கி வந்தாலே பின் சக்கர பிரேக்கில் இருக்கிற கிரீஸ் எல்லாம் உருகிப் புகைந்து போய்விடுமாம், மறுபடி கிரீஸ் திணிக்க வேண்டும், அதனால் அந்தப் பெயர். ஆக, மவுண்டன் பைக் என்றால் தார் ரோடு இல்லாத இடத்தில் ஓடுகிற சைக்கிள். அவ்வளவுதான். அந்தக் கணக்கில் பார்த்தால் எங்க ஊர் உப்பளத்துக்குப் போகிற பழைய ஹெர்குலிஸ் எல்லாமே மவுண்டன் பைக்தான் :-)

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

பிரான்சில் லுவார் என்று ஒரு நதி. அதன் கரையோரமாகச் சுமார் 900 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் பாதை இருக்கிறது. வழியெல்லாம் ஷம்போர், ஷெனான்சோ என்று கோட்டைகள், மாளிகைகள், திராட்சைத் தோட்டங்கள், சின்னச் சின்ன கிராமங்கள். அந்தப் பள்ளத்தாக்கின் ஒரு பகுதியை 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம்ம ஆட்கள் அந்தப் படங்களைப் பார்த்து "ஆஹா" என்று பெருமூச்சு விடுகிறார்கள். அங்கே போக வசதியில்லாதவர்கள் ஊட்டி, கொடைக்கானலுக்குச் சைக்கிளைக் காரின் மேல் கட்டிக்கொண்டு போகிறார்கள். (சைக்கிளைக் காரில் ஏற்றுவது என்கிற தத்துவம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.)

சரி, நதி, கோட்டை, கிராமம், மண் பாதை. இதில் எது நம்மிடம் இல்லை?

வைகை வருசநாட்டு மலையில் கிளம்பி 258 கிலோமீட்டர் வருகிறது. அதன் கரையில்தான் கீழடி. அது கடலைத் தொடுகிற பக்கத்தில் அழகன்குளம்; ரோமானியக் காசுகளும், கப்பல் படம் கீறிய பானை ஓடும் கிடைத்த பழைய துறைமுகம். ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் கோட்டைக்கரை ஆற்றங்கரையில் செங்கமடைக் கோட்டை. ஆறு மூலைகள் இருப்பதால் ஆறுமுகக் கோட்டை என்பார்கள். குண்டாற்றின் கரையில் கமுதிக் கோட்டை. இரண்டும் சேதுபதிகள் காலத்தவை. பாம்பாற்றுப் பக்கம் ஓரியூர்; 1693இல் ஜான் டி பிரிட்டோ, அதாவது அருளானந்தர், கொல்லப்பட்ட இடம். வடக்கே புதுக்கோட்டை மாவட்டத்தில் திருமயம், 1687இல் சேதுபதி கட்டிய மலைக்கோட்டை (மலை கேட்டவர்கள் அங்கே ஏறிக்கொள்ளலாம்). ராமநாதபுரத்திலேயே ராமலிங்க விலாசம். சுவர் முழுக்க ஓவியம். 1795இல் ஆங்கிலேயர்கள் முத்துராமலிங்க சேதுபதியைப் பிடித்துச் சிறையில் போட்டார்களே, அவருடைய அரண்மனை.

அங்கே கோட்டைக்கு டிக்கெட். இங்கே கோட்டைக்குக் கருவேல முள். செங்கமடையை விசாரித்துக்கொண்டு போனால் "அங்க எதுக்குப் போறீங்க தம்பி, பாம்பு கிடக்கும்" என்றுதான் பதில் வருகிறது.

"வைகையில தண்ணி எங்கப்பா ஓடுது" என்று அடுத்த கேள்வி வரும், தெரியும். வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் மணல்தான். ஆனால் இந்த மாவட்டத்தின் ஆற்றுச் சமவெளியைப் புரிந்துகொள்ள ஆற்றைப் பார்த்தால் போதாது, கண்மாயைப் பார்க்க வேண்டும். வைகைத் தண்ணீர் நேராகக் கடலுக்குப் போகிற தண்ணீர் இல்லை. வழியெல்லாம் கால்வாய் பிரிந்து கண்மாய்களுக்குப் போய், மிச்சம் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து சேர்கிறது. ஒரு கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியாக அடுத்ததுக்கு. ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க்கு 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்றே பெயர், நாரையே பறந்து கடக்க முடியாத அகலமாம். இந்தக் கண்மாய்க்கெல்லாம் கரை இருக்கிறது அல்லவா? அந்தக் கரைதான் பாதை. தரையிலிருந்து உயர்த்திப் போட்டது, லாரி வராது, ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல், இடையிடையே பனை. வெள்ளைக்காரன் கோடிக்கணக்கில் செலவு பண்ணி அமைக்கிற பாதையை நம்ம பாட்டன் மண்வெட்டியால் வெட்டிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அதன் மேல் இருக்கிற முள்ளை வெட்ட நமக்கு வக்கில்லை.

முள் என்றதும் ஒரு விஷயம். சீமைக்கருவேல முள் சைக்கிள்காரனுக்குச் சாதாரண எதிரி இல்லை. டயரைத் துளைத்து, டியூபைத் துளைத்து, உள்ளேயே ஒடிந்து நிற்கும். பஞ்சர் ஒட்டி மாட்டினால் அதே முள் மறுபடி குத்தும். டயரின் உள்பக்கம் விரலால் தடவித் தேடி எடுக்காதவன் நாலு கிலோமீட்டரில் மறுபடி தள்ளிக்கொண்டுதான் வருவான். கரிசல் நிலத்தில் மழை பெய்துவிட்டால் இன்னொரு கூத்து. களிமண் மட்கார்டுக்குள் ஏறிச் சக்கரத்தையே சுற்ற விடாது. ஆடி மாதக் கச்சான் காற்றில் மேற்கே போகிறவனுக்கு மலை ஏறுகிற அனுபவம் சமதரையிலேயே கிடைத்துவிடும். ஆகவே கடையில் 21 கியர், முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் என்று ஆசை காட்டுகிறதை நம்பாதீர்கள். உப்புக் காற்றில் அந்த ஸ்பிரிங்தான் முதலில் துருப்பிடிக்கும். இங்கே வேண்டியது தடித்த டயர், ஆறேழு கியர், நல்ல பம்பு. 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி.யை 12லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள், நல்லது. ஓட்டுவதற்கு இடம் எங்கே என்பதுதான் மிச்சக் கேள்வி.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. தமிழ்நாட்டு அரசு 2001-02லேயே மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. இன்று அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் கிடைக்கிறது. அருமையான திட்டம், வாதமே இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை அதை எங்கே ஓட்டும்? கிழக்குக் கடற்கரைச் சாலையில். மீன் லாரியும் ராமேஸ்வரம் டூரிஸ்ட் வேனும் பறக்கிற ரோட்டில், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு முழம் மண்ணில். சைக்கிள் கொடுக்கத் தெரிந்த அரசுக்குச் சைக்கிள் பாதை என்று ஒன்று இருப்பது மட்டும் ஏன் தோன்றவில்லை? ரோட்டை அகலப்படுத்தினால் வேகம்தான் கூடுகிறது. பயந்துபோய் அப்பா சைக்கிளை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு மகளை பைக்கில் கொண்டுபோய் விடுகிறார். அவர் வெளிநாட்டில் இருந்தால் அந்தப் பெண்ணின் கதி ஷேர் ஆட்டோ.

பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் என்ன நடந்தது என்று தேடிப் படியுங்கள். அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். கல்குவாரியில் வேலை பார்த்தவர்கள், பூ விற்றவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காவிட்டால் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். முன் பாரில் பிள்ளையை உட்கார வைக்க வசதி என்றார்கள். பி.சாய்நாத் இதை எழுதியிருக்கிறார். திருமயம் கோட்டை இருக்கிற அதே மாவட்டம்! சைக்கிள் அங்கே பொழுதுபோக்கு இல்லை, யாரையும் கேட்காமல் வெளியே போய்வருகிற உரிமை. நான் கேட்கிற பாதையும் வார இறுதியில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வருகிற ஐ.டி. அண்ணன்களுக்கு மட்டும் இல்லை. அதே கண்மாய்க் கரையில் திங்கட்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளை போகும்.

பி.காம். படிக்கிறவன் காசைப் பற்றிப் பேசாமல் விட்டால் எப்படி. ராமேஸ்வரம் போகிற வேன் திருப்பாலைக்குடியில் நிற்காது. உப்பூர் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு, தேவிபட்டினம் நவபாஷாணத்தில் ஒரு முழுக்கு, பிறகு பாம்பன் பாலத்தில் செல்ஃபி. அவர்கள் செலவழிக்கிற பணம் ராமேஸ்வரம் லாட்ஜுகளுக்குப் போகிறது. சைக்கிளில் வருகிறவன் அப்படி இல்லை. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் அவனால் முடியாது. பத்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை தாகம் எடுக்கும். டீக்கடை, பதநீர், பஞ்சர் கடை, மதியம் மீன் சோறு, இரவுக்கு ஒரு திண்ணை. ஊர் ஊராகச் சிந்திக்கொண்டே போவான். வாய்ப்புச் செலவு என்று பாடத்தில் படிக்கிறோமே, பத்துப் பன்னிரண்டு கிராமங்கள் இழந்துகொண்டிருப்பது அதுதான்.

நியாயமான எதிர்ப்பும் இருக்கிறது. கரையில் ஆள் நடமாட்டம் கூடினால் கரை சேதமாகும் என்று ஆயக்கட்டுக்காரர் கவலைப்படுவார். டிராக்டர் போகிற கரையைச் சைக்கிள் என்ன செய்துவிடும்? இருந்தாலும் மழைக்காலத்தில் மூடிவிடுங்கள், சரி. சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்களுக்கு 2025இல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. பறவைகள் கூடு கட்டுகிற மாதங்களில் அந்தப் பக்கமே போகக் கூடாது, அதிலும் எனக்கு மறுபேச்சு இல்லை. கருவேலத்தை வெட்டினால் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர் என்ன ஆவார் என்பதுதான் கஷ்டமான கேள்வி. 2017இல் உயர் நீதிமன்றம் வரை போய் உத்தரவும் தடையும் மாறி மாறி வந்த விவகாரம் இது. நான் மாவட்டம் முழுக்க வெட்டச் சொல்லவில்லை. கரையின் மேல் ஒரு வண்டி அகலம், கோட்டையைச் சுற்றி நாலு பக்கம். அதை அவர்களையே வைத்து வெட்டச் சொல்லுங்கள், விறகும் அவர்களுக்கே.

ஆரம்பிக்கப் பெரிய திட்டம்கூட வேண்டாம். திருப்பாலைக்குடியிலிருந்து உப்பூர், அங்கிருந்து ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க் கரை, செங்கமடைக் கோட்டை. காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். வழியில் நாலு பெயர்ப் பலகை, கோட்டை வாசலில் கட்டியவர் பெயரும் காலமும் எழுதிய ஒரு கல்வெட்டு, ஒரு தண்ணீர்க் குழாய். மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு மாத வேலை. யாராவது வருகிறீர்கள் என்றால் பம்பு நான் கொண்டுவருகிறேன், ஸ்பேர் டியூப் உங்களுடையது. இரண்டாக எடுத்து வாருங்கள்.